நாற்காலிக்கு யார் காசு?

2014-இல் லண்டன் ஓல்டு ஸ்ட்ரீட்டில் ஜிஃபர்பிளாட் என்ற கடை திறந்தபோது கட்டணம் நிமிடத்துக்கு 3 பென்ஸ். காபியும் பிஸ்கட்டும் சும்மா. உள்ளே போனதும் ஒரு பழைய அலாரம் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிளம்பும்போது உட்கார்ந்த நேரத்துக்குக் காசு. இதைத் தொடங்கிய இவான் மீத்தின் மாஸ்கோக்காரர். அங்கே முதலில் ‘மர வீடு’ என்று ஓர் இடத்தை, வருகிறவர்கள் விரும்பியதைக் கொடுத்தால் போதும் என்று நடத்தினார். 2011-இல்தான் நிமிடக் கணக்கு வந்தது.

நேர்மையான ஏற்பாடுதான். மற்ற கடைகளில் நாம் வாங்குவது காபியா, நாற்காலியா என்று இரு தரப்பும் வாய்திறப்பதில்லை. ஆறிப்போன கடைசி மடக்கை மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம். கோப்பை காலியாகாதவரை எழுப்பமாட்டார்கள் என்று ஒரு தைரியம். மேசை துடைப்பவர் இரண்டாம் முறை வந்தால், வேண்டாத கேக் ஒன்றைச் சொல்லிவிடுவேன். நிமிடக் கடையில் இந்த நாடகமெல்லாம் தேவையில்லை.

ஆனாலும் ஒன்று நெருடுகிறது. லண்டனின் அந்தத் தொடக்கக் கட்டணத்தில், அரை மணி பேசிவிட்டு எழுகிறவருக்கு 90 பென்ஸ். லாபம்தான். வேலை தேடிக்கொண்டு, பகல் முழுக்க ஒதுங்க இடம் கேட்கிறவருக்கோ எட்டு மணி நேரத்தில் 14 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். அவரிடம் இருப்பதே நேரம் ஒன்றுதான், அதற்கா விலை? வேறு கடையில் ஒற்றைக் காபியோடு சமாளித்துவிடுவார். அங்கே அவருடைய நாற்காலிக்குக் காசு கொடுப்பது, காகிதக் கோப்பையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். கொடுப்பது அவர்களுக்கே தெரியாது.

அதே லண்டனில் 17-ஆம் நூற்றாண்டுக் காபிக் கடைகளில் ஒரு பென்னி கொடுத்துவிட்டு மணிக்கணக்காகச் செய்தி படிக்கலாம், வாதாடலாம். (பெண்கள் வாடிக்கையாளராக அங்கே பெரும்பாலும் போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.) எட்வர்டு லாயிட் கடையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் அடித்த அரட்டையிலிருந்துதான் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது. நிமிடத்துக்குக் காசு என்றிருந்தால் பாதிப் பேர் சீக்கிரமே எழுந்து போயிருப்பார்கள்.

ரஷ்ய நிமிடக் கடைகள் பலவற்றில் ‘ஸ்டாப் செக்’ என்று ஒரு வழக்கம் உண்டு. கணக்கு ஒரு தொகையைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஏறாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆக, நிமிடம் எண்ணுகிற கடையிலும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்கு முன்பே எழுந்து போனவர்கள் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.