மூடிய கூண்டுக்குள் நடுவர்கள்



ஒருவனுக்கு வேலை போய்விட்டால் அவனுடைய மதிப்பும் கூடவே போய்விடுகிறதா? இல்லை என்று வாய் எளிதில் சொல்லிவிடும். ஆனால் வேலையிழந்தவன் நம் வாசலில் வந்து நிற்கும்போது நம் முகம் வேறு பதில் சொல்லுகிறது. ஆகவே ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டியின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

இங்கிலாந்து தேசத்து யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள கிரைம்தார்ப், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். சுரங்கத் தொழிலாளர் தங்கள் ஓய்வு நேரத்தை நல்ல வழியில் செலவிட 1917-ஆம் ஆண்டில் இக்கோஷ்டி ஏற்பட்டது. கரி வெட்டிய கைகளே கார்னெட்டையும் டிராம்போனையும் ஏந்தின.

1992 அக்டோபரில் அரசாங்கம் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 30,000 பேருக்கு வேலை போகும் நிலை. கிரைம்தார்ப் சுரங்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தேசியப் போட்டி. ஊரே துக்கத்தில் இருந்தது. ஆயினும் கோஷ்டியார் போனார்கள், வாசித்தார்கள், முதற்பரிசும் பெற்றார்கள்.

“ஐயோ பாவம் என்று கொடுத்திருப்பார்கள்” என்பீர்களோ? அதற்கு இடமே இல்லை. அப்போட்டியில் எல்லாக் கோஷ்டிகளும் ஒரே உருப்படியைத்தான் வாசிக்கவேண்டும். யாருக்குப் பின் யார் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். நடுவர்களோ மேடை கண்ணில் படாதபடி மூடிய கூண்டுக்குள் இருப்பார்கள். வாசிப்பவர் பணக்காரரா, பிழைப்பை இழந்தவரா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் காதில் விழுவது வாத்தியம் ஒன்றே.

அந்தப் பரிசு சுரங்கத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்கவேண்டாம். 1993-இல் சுரங்கம் மூடப்பட்டது. கோப்பையை வைத்து அடுப்பெரிக்க முடியாது. வேலையிழந்தவனுக்குப் புகழ்ச்சியே போதும் என்பது அநியாயம். ஆனால் கோஷ்டி கலையவில்லை. 2006, 2007 ஆகிய ஆண்டுகளிலும் தேசியப் போட்டியில் வென்றது. மூடிப்போன சுரங்கத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.

கூலி நின்றுபோகலாம், கற்ற வித்தையும், கூடி உழைத்த ஒழுங்கும், மனிதனின் கண்ணியமும் அத்தோடு நின்றுவிடுவதில்லை. வேலையில்லாத அண்டை வீட்டுக்காரர் நாளை உங்களிடம் வந்தால், அந்த நடுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சட்டைப்பையைப் பாராமல் அவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகு, உங்களால் இயன்றால், ஒரு வேலைக்கும் வழி தேடிக் கொடுங்கள்.

உங்கள் பங்குக் குரு