கள்ளாமையும் கடைக்கணக்கும்



உரியவர் மனமுவந்து கொடாத ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளுதலே களவு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் வகுத்த இலக்கணமாகும். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்றாகிய அசௌரியத்திற்கு, அதாவது கள்ளாமைக்கு, அவ்வாசாரியர் ஐந்து அதிசாரங்களையும் கூறுகின்றார். விரதம் முற்றும் முறிந்துபோவது அநாசாரம்; முறியாமல் ஓரிடத்தில் கீறல் விழுவது அதிசாரம். களவு செய்வோனைத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், நாட்டின் சட்டத்தை மீறிப் பொருளீட்டுதல், குறைத்து அளந்து கொடுத்து மிகுத்து அளந்து வாங்குதல், நல்ல சரக்கோடு போலியைக் கலந்து விற்றல் என்பன அவ்வைந்தாகும்.

இப்பட்டியலை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பிறருக்குப் பாடமும் கூறியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை நெடுங்காலம் கவனிக்கவில்லை. கன்னம் வைப்பவனைப் பற்றியும் வழிப்பறி செய்பவனைப் பற்றியும் இதில் ஒரு சொல்லும் இல்லை. விரதமே ஏற்காதவனுக்கு அதிசாரம் எங்ஙனம் உண்டாகும்? இப்பட்டியல் முழுவதும் பட்டப்பகலில், ஊரார் மதிக்கும்படி, தராசின் முன் அமர்ந்திருப்பவரை நோக்கிக் கூறப்பட்டது. இன்றைய சட்டப் புத்தகங்களில் வணிகருக்கென விரிந்து கிடக்கும் பிரிவுகளில் பெரும்பகுதி இவ்வைந்தனுள் அடங்கிவிடும் என்றால் மிகையாகாது.

இதனை எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

நம் இளைஞர் பலர் இப்போது நிலத்தையும் சம்பள வேலையையும் விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குகின்றனர். 2021-ஆம் ஆண்டில் அம்மாணவியும் அவள் தோழியும் சேர்ந்து சிறுதானிய மாவும் சத்துமாவும் அரைத்து விற்கத் தொடங்கினர். முதல் பொட்டலத்தை ஜினாலயத்தில் வைத்து வணங்கிவிட்டு என் வீட்டிற்கு வந்தாள். "டீச்சர், பங்குதாரர் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள் என்று ஆடிட்டர் சொல்கிறார். நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எழுதலாமா என்று கேட்டால் அவள் மனம் நோகுமோ என்று தயக்கமாக இருக்கிறது," என்றாள். "நம்பிக்கை உள்ள இடத்தில் பத்திரம் எதற்கம்மா?" என்று நான் கூறினேன். கூறியபோது பெருமிதமாகவும் இருந்தது. அவள் மகிழ்ந்து விடைபெற்றாள்.

இரண்டாண்டுகள் நன்றாகவே நடந்தன. பிறகு தோழியின் கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றலாயிற்று. அவள் கண்கலங்கி விடைபெற்றுச் சென்றாள். கணக்கு எதுவும் முடிக்கப்படவில்லை. செல்வதற்குச் சில மாதங்களுக்கு முன் நிறுவனத்தின் பெயரில் அவள் கடனுக்கு வாங்கிய அரைவை இயந்திரத்திற்குப் பாதித் தொகை பாக்கி இருந்தது. விற்றவர் என் மாணவியிடம் முழுப் பாக்கியையும் கேட்டார். "பாதிதானே என் பங்கு?" என்று அவள் கேட்டது நியாயமாகத் தோன்றலாம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் சேர்ந்தும் தனித்தும் முழுமையாகப் பொறுப்பாவர். யாரிடம் கேட்பது என்பது கடன் கொடுத்தவரின் விருப்பம்.

மறுபுறம், நகரத்துப் பெரிய கடை ஒன்று அவர்களிடம் மூன்று மாதச் சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தது. வழக்கறிஞரிடம் சென்றாள். அவர் கேட்ட முதற்கேள்வி, "நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா?" என்பதாகும். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், தான் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வெளியார் தரவேண்டியதைக் கேட்டு வழக்கிட இயலாது. கடன்காரர் இவள்மேல் வழக்கிடலாம். இவள் தன் கடனாளிமேல் வழக்கிட முடியாது! பதிவு செய்துவிட்டுப் பின்னர் வழக்கிடலாம் என்றார் அவர். அதற்கான விண்ணப்பத்தில் பங்குதாரர் அனைவரும் கையொப்பமிட வேண்டும். தோழியோ பெங்களூரில். பத்திரம் இல்லாத இடத்தில் இலாபம் சரிபாதி என்பதும், ஒருத்தி மட்டுமே உழைத்தாலும் அதற்கெனத் தனி ஊதியம் கேட்க உரிமையில்லை என்பதும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தன. எனக்கும்தான்.

இத்தகைய பாக்கிக்காக 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பொருள் செய்து தரும் குறு, சிறு நிறுவனத்திற்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் கூட 45 நாள்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தரவேண்டும். உத்யம் என்னும் பதிவு இணையத்தில், கட்டணமின்றிக் கிடைப்பது. 2020-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் அப்பதிவையும் அவள் செய்திருக்கவில்லை. இதைப் படிக்கும் தொழில் முனைவோர் யாரேனும் செய்யாதிருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டுச் செய்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

இனிக் கூறுவது சற்றுக் கடினமானது. பணமுடை மிகுந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். சிறு கடைக்காரர்கள் பில்லோடு சேர்த்துத் தந்த சரக்கு சேவை வரிப் பணத்தை எடுத்து வேலையாட்களின் கூலிக்கும் தானியம் வாங்கவும் செலவிட்டாள். "டீச்சர், அரசாங்கம் காத்திருக்கும், கூலிக்காரர் வயிறு காத்திருக்காது," என்றாள். கேட்டவுடன் எனக்கும் அது கருணையாகவே தோன்றியது.

ஆனால் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் நியாஸாபஹாரம் என ஒன்று உண்டு. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கவர்தல் என்பது பொருள். சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் இதற்குக் காட்டும் நிலை மிக நுட்பமானது. ஒருவன் தன் பொன்னை மற்றொருவனிடம் அடைக்கலமாக வைக்கிறான். பின்னாளில் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கிறான். வைத்திருந்தவன், "ஆம், அவ்வளவுதான்" என்று ஒப்புக்கொண்டு அதனைக் கொடுத்துவிடுகிறான். அவன் எதையும் எடுக்கவில்லை; கேட்டதைக் கொடுத்தான்; ஆயினும் விரதத்தில் கீறல் விழுந்துவிட்டது. வரிப் பணமும் இத்தகைய அடைக்கலமே. வாங்கியவர் அதனை அரசுக்கென்று தந்தார்; கடைக்காரர் கை வழியாக அது செல்கிறது, அவ்வளவே. வேலையாளின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்புநிதிப் பங்கும் அப்படியே. அதைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டம் வெறும் பாக்கி என்று கருதுவதில்லை. நம்பிக்கை மோசடி என்னும் குற்றமாகவே கருதுகிறது. பேரேட்டில் எல்லாம் ஒரே பணமாகத் தோன்றும். வங்கிக் கணக்கிலும் ஒரே தொகையாகத்தான் நிற்கும். எது நமது, எது நம் கையில் தங்கியிருக்கும் பிறரது என்று பிரித்துக் காட்டும் கோடு தொழில் செய்பவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகையால் வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, பணம் வந்த அன்றே அதில் மாற்றிவிடுமாறு அவளுடைய ஆடிட்டர் கூறினார். அவர் சமணர் அல்லர். அசௌரியத்தை அவரைப்போல் எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். சட்டம் எல்லாம் அறமாகிவிடாது. பணம் தராமல் இழுத்தடித்த அந்தப் பெரிய கடைக்கு எழுதிய பில்லுக்கும் இவள் உரிய காலத்தில் வரி கட்டியே ஆகவேண்டும். பணம் வந்ததா என்று கேட்பார் இல்லை. விற்றவர் வரி கட்டாமல் ஏமாற்றினால், முறையாகப் பணம் தந்து வாங்கியவரின் உள்ளீட்டு வரிச் சலுகையும் மறுக்கப்படக்கூடும். இவை சிறு தொழில் செய்வோர்க்கு இழைக்கப்படும் கொடுமை என்றே நான் கருதுகிறேன். முறையிடலாம், மேல்முறையீடு செய்யலாம், சங்கமாகச் சேர்ந்து போராடலாம். சரக்கே கைமாறாமல் போலி பில் எழுதி ஈடுகட்டிக்கொள்ளும் வழி மட்டும் வேண்டா. நம் ஆசாரியர்கள் அதனைக் கூடலேக கிரியை, அதாவது பொய்ப் பத்திரம் எழுதுதல், என்று முன்பே பெயரிட்டு வைத்துவிட்டனர்.

கையூட்டும் அவ்வாறே. "நான் எங்கே திருடினேன்? அதிகாரி கேட்டார், கொடுத்தேன்" என்பார் பலர். களவு செய்வோனைத் தூண்டுதல் அன்றோ அது? 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாள்களுக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தால் தப்பலாம்.

எடைக்கும் அளவைக்கும் நான் நீண்ட உரை நிகழ்த்த வேண்டியதில்லை. தராசுக்கு உரிய காலத்தில் அரசு முத்திரை பெறுக. பொட்டலத்தின்மேல் நிகர எடை, விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் முகவரி ஆகியவற்றைப் படிக்கும்படி அச்சிடுக. வீட்டு அடுப்பில் செய்து விற்பதாயினும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும்.

வேலையாட்களைப் பற்றி ஒரு சொல். அகிம்சை விரதத்தின் அதிசாரங்களுள் மிகைப் பாரம் ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் உள்ளன. அவை மாட்டு வண்டிக்காரருக்குரியன என்றே பலரும் நினைக்கின்றனர். பெரிய துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் பெண்களின் கால்களைப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார். தமிழ்நாட்டில் கடைப் பணியாளர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது கடை வைத்திருப்போர் யாவரும் வெட்கப்படத்தக்கதே.

மாணவியின் கதைக்கு வருவோம். இயந்திரம் வாங்கியபோது ஈடாகத் தொகை எழுதாமல் கையொப்பமிட்ட காசோலை ஒன்றை விற்றவரிடம் கொடுத்திருந்தாள். அவர் முழுப் பாக்கியையும் அதில் எழுதி வங்கியில் செலுத்த, பணமின்றித் திரும்பியது. வெற்றுக் காசோலையாயினும் மனமொப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று கொள்ளப்படும் என 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வழக்கறிஞர் அறிவிப்பு கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் தரவில்லையேல் குற்ற வழக்கு. ஈராண்டு வரை சிறையும், தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அந்த அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மாலையை நான் மறக்கவில்லை. என்னைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வளையல்களை விற்றுப் பாதியைக் கட்டினாள். மீதிக்குத் தவணை எழுதி வாங்கினாள். வரிப் பாக்கி ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியோடு கட்டப்பட்டது.

பின்னர் பெங்களூருக்குச் சென்றாள். தோழி தயங்காமல் பதிவு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டாள். இட்டபின், "தொடங்கும்போதே எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது. நீ வருந்துவாய் என்றுதான் நான் கேட்கவில்லை," என்றாளாம்.

இதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாய்மை விரதத்தின் முதல் அதிசாரம் மித்யோபதேசம். பிறரைத் தவறான வழியில் செலுத்தும் போதனை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அறியாத ஒன்றை, அறிந்தவள் போல், ஆசிரியை என்னும் மதிப்பைக் கொண்டு கூறினேன். இருவர் உள்ளத்திலும் இருந்த கேள்வியை இருவரும் பேசிக்கொள்ள முடியாதபடி என் ஒரு வாக்கியம் அடைத்துவிட்டது. அவ்வாண்டு தசலட்சணப் பர்வம் முடிந்து க்ஷமாவாணி நாளன்று அவள் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். வயதில் மூத்தவர் இப்படிக் கேட்கலாமா என்று அவள் பதறிப்போய் என் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனம் பதிவாயிற்று. பெரிய கடையின்மேல் தொடுத்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தோழியின் பங்கை எழுத்தால் கணக்கிட்டு முடித்து, அவள் விலகியதைச் சட்டப்படி விளம்பரமும் செய்துவிட்டாள். அண்மையில் தன் தம்பியைப் புதிய பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளப் போவதாகக் கூறி, வழக்கறிஞர் எழுதித் தந்த பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்தாள். நான்கு பக்கம். "தம்பிதானே" என்று நான் கூறவில்லை. ஒற்றுப்பிழைகள் பதினொன்று இருந்தன, திருத்திக் கொடுத்தேன். சாட்சியாகக் கையொப்பமிட முடியுமா என்று கேட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் நான்கு பக்கத்தையும் மறுபடி ஒருமுறை படித்தேன்.