ஆபுத்திரன் துயருற்றது தகுமா?

பிறர்க்கு உழைப்பதே நிலைத்த நிறைவு தரும் என்று நாம் மேடைதோறும் கூறி வருகிறோம். அவ்வாறு கூறும்போதெல்லாம் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் நம் முன் வந்து நிற்கிறான்.

மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியை ஏந்திக் கண்ணிழந்தோர், கால் முடங்கியோர், ஆதரவற்றோர் யாவர்க்கும் அவன் சோறிட்டான். வரமளிக்க வந்த இந்திரனையும் எள்ளி நகைத்தான். சினங்கொண்ட இந்திரன் செய்தது யாது? 12 ஆண்டு வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழை பொழிவித்தான். வயல் விளைந்தது, பசி நீங்கியது, ஆபுத்திரனைத் தேடி வருவார் இலர். பசித்தவரைத் தேடி அவன் நடந்தான். கண்டவர் ஏளனம் செய்தனர். அவன் துயருற்றான்.

நாடு பசி நீங்கிய நாள் ஈகையாளனுக்குத் துன்ப நாள் ஆகலாமா?

நாம் நூலாலையில் அறுந்த இழையை முடிந்து வயிறு வளர்த்தோம். இழை அறாது ஓடும் நாளே நமக்கு நல்ல நாள். இன்று இழை அறவில்லையே என்று எத்தொழிலாளியும் வருந்தக் கண்டதில்லை. (ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்னும் அச்சம் வேறு; அது வயிற்றைப் பற்றியது.)

ஆயினும் நாமே ஆபுத்திரன் ஆன கதையும் உண்டு. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. தாராவியில் நம் சந்தில் கடன்பட்டு ஓர் அண்டா வாங்கிக் கஞ்சி காய்ச்சினோம். வேலையிழந்தோர் வரிசை தெருமுனை வரை நீண்டது. அந்நாட்களில் நாம் அயர்வறியோம். பின்னர்ப் பட்டறைகள் திறந்தன, வரிசை சுருங்கியது. ஒரு காலை பாதிக் கஞ்சி மீந்தபோது நம் நெஞ்சில் எழுந்தது மகிழ்ச்சியன்று, வருத்தமே. வழியில் கண்ட தையற்காரர் ஒருவரை, "ஏன் வரவில்லை?" என்று கடிந்தும் கேட்டுவிட்டோம். "வேலை கிடைத்துவிட்டது ஐயா" என்று குற்றம் செய்தவர்போல் அவர் தலை குனிந்தார். அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை.

பகவன் புத்தர் கருணையை அடுத்து முதிதையை ஏன் வைத்தார் என்பது அன்றே விளங்கிற்று. கருணை பிறர் துன்பம் கண்டு உருகும். முதிதை பிறர் நலம் கண்டு மகிழும். முதிதை இல்லாத கருணை, தன்னையறியாமலே பிறர் துன்பத்தை உண்டு வாழத் தொடங்கிவிடும். என் கையாலேயே கொடுக்கவேண்டும் என்பதும் வேட்கையே அன்றோ?

ஆபுத்திரனைப் பழிப்பது நம் நோக்கமன்று. சாவக நாட்டில் பசியென்று கேட்டதும் மரக்கலம் ஏறினான். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, தனக்கு மட்டும் சோறிடும் பாத்திரம் வேண்டாமென்று, அருளுடையார் கையை அது அடைய வேண்டிக் கோமுகிப் பொய்கையில் விட்டான். அது பெரிது. ஆனால் உண்ணாதிருந்து உயிர் விட்டதை மட்டும் நம் மனம் ஏற்கவில்லை. கொடுக்க இயலாத இடத்தில் வாழவும் தனக்கு உரிமையில்லை என்று எண்ணிவிட்டான் போலும்.

அந்த அண்டா இன்று சந்துக்குப் பொது. சென்ற ஆண்டு அதே தையற்காரர் தம் மகள் திருமணத்திற்கு அதனைக் கேட்டு வாங்கிச் சென்றார். பந்தலில் பரிமாற எழுந்த நம்மைத் தோள் பற்றி அமர்த்தி, தாமே இலையில் சோறிட்டார். உண்டோம்.