குட்டியை வாங்குமுன் தாயைப் பாருங்கள்

திருச்சியின் தென்னூரிலும் தில்லைநகரிலும் பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி வாங்கித் தர முடிவு செய்திருக்கும் பெற்றோரே, முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும். நாய் வளர்த்து விற்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வியாபாரம் நடப்பது உங்கள் பணத்தில். கையைக் கொஞ்சம் பொத்தி வைத்திருங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. பிள்ளை அடம்பிடிக்கிறது, விலை படிகிறது. "வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம் சார், உழவர் சந்தை பக்கம் நில்லுங்க, நானே கொண்டாந்து தர்றேன்" என்கிறார் விற்பவர். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பழைய துண்டில் சுருண்டு கிடக்கிறது லாப்ரடார் குட்டி. பால்குடி கூட மறந்திருக்காது. "ரெண்டு மாசம் ஆச்சு" என்கிறார். ஜிபேயில் பணம் போகிறது. மூன்றாம் நாள் குட்டி வாந்தி எடுக்கிறது, ரத்தமாகப் பேதியாகிறது. பார்வோ என்கிறார் கால்நடை மருத்துவர். டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தால் உண்டு. விற்றவருக்கு அடித்தால் போனை எடுப்பதில்லை. குட்டியின் தாயை நீங்கள் பார்க்கவேயில்லை. பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உங்களைத் தெருமுனைக்கு வரச் சொன்னார்.

அந்தத் தாய் எங்கே இருக்கும்? ஏதோ ஒரு மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கம்பிக்கூண்டில். திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்திலும் அங்கேதான். நகம் வளர்ந்து வளைந்திருக்கும். படுத்துப் படுத்து முழங்கை ரோமம் உதிர்ந்து தோல் தடித்திருக்கும். முலைகள் தொங்கிப் போயிருக்கும். பெட்டை நாய்க்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், சினைக்காலம் 63 நாள். பேராசை பிடித்தவன் எந்தப் பருவத்தையும் விடமாட்டான். ஒரு ஈத்தின் குட்டிகள் விலைபோனதுமே அடுத்த கிராஸிங். குட்டி தராத வயது வந்ததும் அவளை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்துவிடுவான். கூண்டைத் தவிர எதையும் அறியாத ஜீவன் பைபாஸ் லாரிகளுக்கு நடுவே என்ன செய்யும்?

இதைத் தடுக்கத்தான் 2017-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கக் கூடாது. பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரே ஈத்து, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பொது இடத்தில் வைத்து விற்கக் கூடாது. ஆக, சந்தை ஓரத்தில் அட்டைப்பெட்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளும் அந்த நிமிடத்திலேயே விதி மீறப்படுகிறது, உங்கள் கையும் அதில் சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்கத் தடை. வளர்ப்பவர் இடத்துக்கே போய், தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குட்டி போட்டே உடல் நைந்துபோய், 2013-இல் ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால்தான் அந்தச் சட்டத்தை அங்கே அழைக்கிறார்கள். அங்கே சட்டம் சொல்வதை இங்கே நீங்களாகவே செய்யலாம். தாயைக் காட்டச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நாய் வளர்த்து விற்பவர்களே, உங்களில் பலர் அன்போடு வளர்ப்பவர்கள். ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் கன்னியையும் அழியாமல் காத்தது உங்களைப் போன்றவர்கள்தான். அப்படியிருக்கப் பதிவுக்கு ஏன் தயக்கம்? ஒளிந்து விற்பவனோடு உங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறது ஊர். வாரியத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பதிவேடு எழுதுங்கள், கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள். சைபீரிய ஹஸ்கியைத் திருச்சியில் விற்றுப் பிழைக்கும் தொழிலை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். பனியில் வாழப் பிறந்த உடம்பு அது, இந்த வெயிலில் வதைபடும்.

மாநகராட்சிக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி மிருகவதைக்கு முதல்முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். அதற்கு எவனும் அஞ்சமாட்டான். கதவைத் தட்டிச் சோதிக்க ஆள் வந்தால் அஞ்சுவான். 2024 மார்ச்சில் மூர்க்கமானவை என்று 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. இனத்தின் பெயரைக் காகிதத்தில் தடைசெய்வது எளிது. எந்த வீட்டில் எத்தனை நாய், யார் பொறுப்பு, ஊசி போட்டாயிற்றா என்று வார்டு வார்டாகக் கணக்கெடுப்பதுதான் கடினம். பிள்ளைகளைக் காப்பது அந்தக் கணக்குத்தான். சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நம் 65 வார்டுகளிலும் அதே முனைப்பு வேண்டும், கூடவே விற்பவரின் கூண்டையும் பார்க்க வேண்டும். உறையூர் கோணக்கரையில் மக்கள் பணத்தில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்துகொண்டே, மாடிகளில் கணக்கில்லாமல் குட்டிகள் பெருகுவதைப் பார்த்திருப்பது எந்த விதத்தில் நியாயம்?

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் இருப்பீர்கள். பணம் போனாலும் போகட்டும் என்று துணிந்து இன்று மாலையே விற்பவரைக் கூப்பிடுங்கள். தாயைப் பார்க்க எப்போது வரலாம், பதிவுச் சான்று உண்டா, எந்தத் தேதியில் பிறந்தது, எந்த ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். அவருடைய முகவரி தெரிந்தால் அதையும், அவர் அனுப்பிய படங்களையும் சேர்த்து விலங்குகள் நல வாரியத்துக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வையுங்கள்.