கலையும் திருக்கூட்டமும்

வயிற்றுப்பாட்டுக்காக அன்றி, மன நிறைவு ஒன்றையே நாடிக் கலை பயில்கிற ஒருவனுக்குக் கூட்டம் எதற்கு என்னும் வினா, மேலோட்டமாக நோக்கும்போது எளிதெனத் தோன்றினும், ஆராயப் புகுந்தால் சமய தத்துவத்தின் ஆழமான பகுதிக்கே நம்மை இட்டுச் செல்வதாகும். பகலெல்லாம் கல்குடாக் கடலிலோ வாழைச்சேனைக் கடைத்தெருவிலோ உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் தாளை விரித்துப் பாசிக்குடாக் கரையின் தோணிகளை வரைகிற இளைஞன் ஒருவன், இன்று கைத்தொலைபேசியின் துணையால், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் தன்னைப் போலவே வரைகிறவர்களோடு கூடிக்கொள்ளலாம். ஆயின், பயன் கருதாது கருமஞ் செய்க என்று கீதை உபதேசிக்கையில், தன் சித்திரத்தைப் பிறர் காணவேண்டும் என்று அவன் விழைவது அந்த நிஷ்காமியத்துக்கு இழுக்கு ஆகாதா?

இதற்கு விடை மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களின் கூத்துக் களரியிலேயே இருக்கிறது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளையும் ஆடிவந்தவர்கள் பெரும்பாலும் வயலிலும் நீரிலும் உழைத்தவர்களே. கூத்து அவர்களுக்குச் சீவனோபாயம் அன்று. கூத்துப் பயிற்றும் ஆசானாகிய அண்ணாவியார், அவரவர் பாத்திரத்துக்குரிய பாடல் ஏடாகிய சட்டம் கொடுத்து, இரவிரவாக ஆட்டமும் பாட்டும் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்த பின்னரே கூத்தனை அரங்கேற்றத்துக்கு விடுகிறார். வட்டக்களரியைச் சூழ்ந்து விடியவிடிய விழித்திருப்போரிடையே, முன்னொரு காலத்தில் அதே வேடங் கட்டி ஆடிய முதியவர்களும் இருப்பார்கள்; தாளம் சற்றே பிசகினாலும் அவர்கள் செவி பொறுக்காது. கூத்தன் ஓர் அடியைப் பாடி நிறுத்த, பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுத் திருப்பிப் பாட, அந்த இடைவேளையில் அவன் மூச்சு வாங்கி ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறான். தனியொருவனின் தொண்டை தாங்காத இரவைப் பல தொண்டைகள் சேர்ந்து தாங்குகின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றியபோது அவருக்கு எடுத்தாள ஒரு மரபு உயிரோடு கிடைத்ததென்றால், அது ஏட்டில் எழுதியிருந்ததனால் மட்டுமன்று. களரியைச் சூழ்ந்த கூட்டம் அதனை உடம்பிலும் செவியிலும் காத்துவந்ததனாலேயே ஆகும்.

இனிச் சைவத்தின் பக்கம் திரும்புவோம். வேண்டுதல் வேண்டாமை இல்லாத பரம்பொருளாகிய கூத்தபிரானும் சபையிலேயே ஆடுகிறான். தில்லையிலே பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் கண்டு தொழ ஆடினான் என்பது தல புராணம். ஐந்து சபைகளுள் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையிலோ அவன் சித்திரமாகவே எழுந்தருளியிருக்கிறான். எக்குறையும் இல்லாதவனுக்குச் சபை எதற்கு? காண்போரின் பொருட்டே. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அடியார் திருக்கூட்டத்தோடு கலந்திருக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஞானிக்கே இன்றியமையாத துணை, தூரிகை பழகும் எளியவனுக்கு வேண்டாததாகிவிடுமா?

ஆகவே, பயனைத் துறத்தல் வேறு, துணையைத் துறத்தல் வேறு. காணப்பட வேண்டும் என்ற விருப்பத்துள் இரண்டு கலந்து கிடக்கின்றன: ஒன்று புகழாசை, மற்றொன்று திருத்தம் பெறும் ஆசை. முன்னையது ஆணவத்தின் கிளை. பின்னையது அந்த ஆணவத்தைத் தேய்க்கும் அரம். தொலைபேசித் திரையில் விழும் விருப்பக் குறிகளை எண்ணி உவக்கிறவன் முன்னையதிலே சிக்கி, நாளடைவில் குறி விழும் படத்தையே வரையத் தொடங்குகிறான். தோணியின் அணியம் நீரில் அமரவில்லை, நிழலைத் தாழ்த்து என்று முகமறியா ஒருவர் சொல்ல, அதனைப் பணிவோடு ஏற்று மீண்டும் வரைகிறவனோ, அண்ணாவியாரின் முன் நிற்கும் கூத்தனுக்கு ஒப்பானவன்.

எனினும், கூட்டத்தை நாடுகிறவனுக்கு ஒரு கடன் உண்டு. தன் படத்தை வைப்பதற்கு முன் பிறர் படத்தின் எதிரே அவன் பொறுமையோடு இருந்து, அதன் நிறையையும் குறையையும் அன்போடு எடுத்துச் சொல்லவேண்டும். பார்க்கப்படுவதை மட்டுமே விரும்புவோர் ஆயிரம் பேர் திரண்டாலும் அது சந்தையே. ஒருவர் ஆக்கத்தை மற்றவர் உண்மையாகப் பார்க்கும் இருவர் கூடினாலும் அது திருக்கூட்டம்.