கை வராத குற்றம் யாருடையது?

"கவனம் பத்தல", "கை ஒரு இடத்துல நிக்காது", "கண்ணு எங்க வச்சிருக்க?" தமிழ் வீடுகளில் சில பிள்ளைகள் இந்த மூன்றையும் கேட்டே வளர்கிறார்கள். சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் பள்ளி வேன் போய்விடும். சோறு பிசைந்தால் பாதி தட்டுக்கு வெளியே கிடக்கும். நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். சோம்பல், அலட்சியம், திமிர் என்று வீடும் பள்ளியும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடும். நாற்பது வயதில் அந்தத் தீர்ப்பைத் திருத்தச் சொல்லி ஒருவர் மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது, அவர் மருந்து கேட்டு வரவில்லை. இத்தனை வருடம் தன்மேல் விழுந்த பழி நியாயமானதா என்று கேட்க வந்திருக்கிறார்.

அவர் தேடி வரும் பெயர் டிஸ்ப்ராக்சியா. மருத்துவ ஏடுகளில் வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. தசையில் பலவீனம் இல்லை, அறிவிலும் குறை இல்லை. ஓர் அசைவைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, பழக்கமாக்கிக்கொள்ளும் வேலை மூளையில் வேறு விதமாக நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருப்பதாக அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு கணக்கிடுகிறது. பலருக்கு வளர்ந்த பிறகும் தொடர்கிறது. ஹாரி பாட்டர் படங்களின் நாயகன் டேனியல் ராட்கிளிஃபுக்கு இது லேசாக இருப்பதும், ஷூ லேஸ் கட்டுவதே அவருக்குச் சிரமம் என்பதும் 2008இல்தான் வெளியே தெரிந்தன. அப்போது அவருக்கு 19 வயது.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கும் பொம்மசந்திராவில் விழுந்த பழி நியாயமானதா என்ற கேள்வி கூடுதலாக வலிக்கும். கைகளை நம்பி வாழும் ஊர் அது. தொழிற்பேட்டை முழுக்க இயந்திரப் பாகங்கள், மின் சாதனங்கள், மருந்து, பேக்கிங் வேலைகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு இங்கே வந்து போகிறார்கள்.

அசெம்பிளி லைனில் ஒரு ஸ்க்ரூவை மாட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். இடது கை பாகத்தைப் பிடிக்க வேண்டும், வலது கை ஸ்க்ரூவைத் துளையில் நேராக நிறுத்தி முடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு வாரத்தில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே செய்வார். கை தானே கற்றுக்கொண்டு மனதை விட்டுவிடும். டிஸ்ப்ராக்சியா உள்ளவருக்கு அந்த விடுதலை எளிதில் கிடைப்பதில்லை. ஆறு மாதம் கழித்தும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பார்த்து, யோசித்து, திட்டமிட்டுத்தான் மாட்ட வேண்டியிருக்கும். சாயங்காலம் மற்றவர்களைவிட அதிகம் களைத்துப்போவது அவர்தான். கவனக்குறைவு என்று சூப்பர்வைசர் எழுதுவதும் அவர் பெயருக்கு நேராகத்தான்.

உடலுக்கும் உடலை ஆள்பவருக்கும் இடையிலான இந்த இடைவெளி தமிழ்த் தத்துவத்துக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தில் 12 சூத்திரங்கள்தான். மூன்றாவது சூத்திரம் உயிர் என்று ஒன்று தனியே உண்டு என நிறுவுகிறது. அதன் வாதங்களில் ஒன்று: எனது உடல் என்று ஒருவர் சொல்கிறார், எனவே சொல்பவர் உடலுக்கு வேறானவர். உடலை மாயையில் செய்த ஓர் இயந்திரமாகவே அந்தச் சூத்திரம் காண்கிறது. மற்றவர்கள் வாதம் செய்து ஒப்புக்கொள்ள வேண்டிய இந்த வேறுபாட்டை, டிஸ்ப்ராக்சியா உள்ளவர் தினமும் டீ கிளாஸைத் தூக்கும்போதே அனுபவிக்கிறார். அவர் நினைத்தது ஒன்று, கை செய்தது ஒன்று.

"எல்லாம் முன்வினை" என்று பெரியவர்கள் இதை முடித்துவிடுவது உண்டு. வினைக்கு ஏற்ற உடல் வருகிறது என்று சைவ சித்தாந்தம் சொல்வது உண்மைதான். ஆனால் தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கையும் இறைவன் உயிருக்குத் தருவது அது கடைத்தேறுவதற்காக, அருளினால் என்றும் அதே சாத்திரம் சொல்கிறது. அடுத்தவர் உடலைக் காட்டி அவரைக் குற்றவாளியாக்க அதில் இடமே இல்லை. திருக்குறளையும் இப்படித்தான் பாதியாக வாசிக்கிறோம். ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையை, அதாவது முயற்சியைப் பாடுகிறார். முயன்றால் முடியும் என்று பிள்ளைகளை விரட்ட அந்த அதிகாரம் உதவுகிறது. ஆனால் உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்பதும் அங்கேதான் இருக்கிறது. வருத்தத்தை அளந்தால், கோணலாகப் பொத்தான் போட்ட பிள்ளை வகுப்பிலேயே கடும் உழைப்பாளி.

பெயர் கிடைத்தால் சாக்கும் கிடைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. மனிதர்களை வகைப்படுத்தும் பெயர்கள் அந்த மனிதர்களையே மாற்றிவிடுகின்றன என்று கனடாவின் தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் 1986இல் எழுதிய கட்டுரையும் அந்தப் பயத்துக்குத் துணை நிற்கக்கூடும். ஆனால் இந்த விஷயத்தில் அந்த மாற்றத்தை வரவேற்கவே வேண்டும். காரணம் தெரிந்தவர் கியர் வண்டியோடு மல்லுக்கட்டுவதை விட்டு ஸ்கூட்டர் வாங்குவார், கையெழுத்தை விட்டு டைப் செய்வார், புது வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டச் சொல்வார். முயற்சி குறைவதில்லை, பலன் தரும் பக்கம் திரும்புகிறது.

பெயரைப் பெறுவதுதான் பாடு. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும், பார்வைக் குறையோ வேறு நரம்பு நோயோ காரணமாக இருக்கக் கூடாது என்கிறது அந்த அமெரிக்கக் கையேடு. பரவலாகப் புழங்கும் இயக்கத் திறன் சோதனைகளின் அளவுகோல்கள் பிள்ளைகளோடும் இளவயதினரோடும் முடிந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கென ஆய்வாளர் அமாண்டா கர்பியும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட 40 கேள்விப் பட்டியல், சிந்தாமல் சாப்பிட்டீர்களா, சைக்கிள் பழகச் சிரமப்பட்டீர்களா என்று குழந்தைப் பருவத்திலிருந்தே தொடங்குகிறது. இதற்கெல்லாம் அம்மாவின் ஞாபகமும் பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட்டும்தான் சாட்சி.

இந்தியச் சட்டம் இந்தப் பெயரை அறியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளின் கீழ் டிஸ்ப்ராக்சியாவையும் குறிப்பிடுகிறது. ஆனால் 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் பள்ளிப் பிள்ளையை மனதில் வைத்தது: எட்டு வயதிலிருந்து சான்று, 14இலும் 18இலும் மறுசோதனை. சோதனைக்கு அது சொன்ன முறை, பொம்மசந்திராவின் அதே ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கியது. பிரதானமாக வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை அளப்பது.

2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் ஒரு கதவைத் திறந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள அவருக்கு, 40 சதவீதக் குறைபாடு இல்லை என்று சொல்லி குடிமைப் பணித் தேர்வில் எழுத்து உதவியாளரை மறுத்திருந்தார்கள். அந்த அளவுகோலைத் தொடாதவருக்கும் உதவி பெறும் உரிமை உண்டு என்றது தீர்ப்பு. அதே நியாயம் அசெம்பிளி லைனில் நிற்பவருக்கும் பொருந்த வேண்டும். 18 வயதைத் தாண்டிய ஒருவர் டிஸ்ப்ராக்சியா சோதனைக்கு எங்கே போக வேண்டும், யார் எந்த அளவுகோலால் பார்ப்பார்கள் என்பதை மத்திய, மாநில அரசுகள் எழுத்தில் தெளிவாக அறிவிக்க வேண்டும். அதுவரை, வீட்டில் பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.