மௌத்தின் அடையாளம் எது?

மௌத்து உண்டு என்பதில் உலகில் எவருக்கும் ஐயமில்லை. அது எந்த நேரத்தில் வந்தது என்பதில்தான் இன்று ஐயம் பிறந்திருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மூச்சு நின்றது, நாடி அடங்கியது, கண் நிலைகுத்தியது. ஆள் மௌத்தாகிவிட்டார் என்றார்கள். குளிப்பாட்டினார்கள், கஃபனிட்டார்கள், தொழுவித்து அடக்கினார்கள். இன்று அந்த மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை.

இலுப்பூரைச் சேர்ந்த ஒரு வாலிபரை எடுத்துக்கொள்வோம். வேலைக்காக விராலிமலை வழியே திருச்சிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். தலைக்கவசம் இல்லை. வண்டி சறுக்கி, தலையில் பலத்த அடி. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இரண்டாம் நாள், "மூளைச்சாவு அடைந்துவிட்டார்" என்கிறார் டாக்டர். தாயார் கையைத் தொட்டுப் பார்க்கிறார், சூடாக இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. "என் புள்ளைக்கு உசிரு இருக்குதுங்களே!" என்று அந்தத் தாய் கதறினால், அதற்கு நாம் என்ன பதில் சொல்வது?

பதில் சொல்வதற்கு முன், அல்லாஹ் இந்த உடலை எப்படி அமைத்திருக்கிறான் என்பதைச் சற்று அறிந்துகொள்வது அவசியம்.

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் வலது மேல் அறையில் உள்ள ஒரு சிறு திசு, தானே மின் துடிப்பை எழுப்பி இதயத்தை இயக்குகிறது. மூளை அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. குடலும் இப்படித்தான். இரைப்பை குடல்களின் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட தனி வலை ஒன்று இருக்கிறது. மூளையிடம் கேளாமலே அது உணவை அரைத்து நகர்த்த வல்லது.

மூச்சோ அப்படியன்று. மூளையின் அடித்தண்டில் முகுளம் என்றொரு பகுதி உண்டு. அங்கிருந்து புறப்படும் கட்டளை கழுத்தெலும்பினுள் உள்ள தண்டுவடம் வழியாக உதரவிதானத்தை அடைந்தால்தான் மூச்சு உள்ளே வரும். முகுளம் செத்தால் மூச்சு நிற்கும். மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். ஆதிகாலம் தொட்டு இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தை மாற்றியது செயற்கைச் சுவாசக் கருவி. 1952ல் டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையால் காற்றை அழுத்தி நோயாளிகளைக் காத்தனர். பிறகு அந்த வேலையைக் கருவிகள் செய்தன. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் மூளை முற்றிலும் அழிந்த உடலிலும் கருவியின் காற்றால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும் புதிய நிலையும் உண்டாயிற்று. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் இதய மாற்று சிகிச்சை நடந்தது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக் குழு, மூளையின் மரணமே மரணம் என்னும் கருத்தை வெளியிட்டது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் அதை ஏற்றது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். நினைவிழந்து கிடப்பவரெல்லாம் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் பேச்சின்றிக் கிடப்பவர்கூடத் தாமாக மூச்சு விடுகிறார். அவர் ஹயாத்தோடு இருக்கிறார். அவரை மையித்து என்று கூற எவருக்கும் உரிமையில்லை. மூளைச்சாவு வேறு. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்காது. விழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடாது. காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசையாது. கருவியை விலக்கி, இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்வரை காத்திருந்தாலும் ஒரு மூச்சும் எழாது. நான்கு டாக்டர்கள் அடங்கிய குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்று தர வேண்டும் என்கிறது சட்டம்.

சரி, ஷரீஅத் என்ன சொல்கிறது? ரூஹு என்பது இறைவனின் கட்டளையைச் சார்ந்தது, அதுபற்றி மனிதனுக்குத் தரப்பட்ட அறிவு சொற்பமே என்பதைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. ஆகவே எந்தக் கருவியும் ரூஹைக் காட்டாது. நமக்கு உள்ளவை அடையாளங்கள் மட்டுமே. முன்னோரான இமாம்கள் சொன்ன பாதம் தளர்தல், மூக்குச் சாய்தல், நெற்றிப்பொட்டு குழிதல் ஆகியவையும் அடையாளங்களே.

1986ல் ஜோர்டான் நாட்டு அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இதயமும் மூச்சும் மீளாதபடி நிற்பதும், மூளையின் செயல்கள் அனைத்தும் மீளாதபடி அழிவதும், இரண்டுமே மௌத்தின் அடையாளங்கள் என்று தீர்மானித்தது. 1987ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபையோ, மூளை அழிந்தபின் கருவியை அகற்றலாம். ஆனால் அதன்பிறகு இதயமும் மூச்சும் நின்றாலன்றி மௌத்தின் சட்டங்கள் தொடங்கா என்றது. நம் நாட்டு ஆலிம்களில் பலரும் மூளைச்சாவை மௌத்தாக ஏற்கத் தயங்குகின்றனர். கருவியை அகற்றுவதில் இரு சபைகளும் ஒன்றுபட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கருவியை நிறுத்தச் சம்மதித்த தகப்பனை, "பிள்ளையைக் கொன்றவன்" என்று ஏசுவது பெரும் அநியாயமாகும்.

இதயத் துடிப்பே உயிர் என்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் உறுப்புகளைத் தந்தனர். சென்னைப் போலீசார் போக்குவரத்தை ஒதுக்கி வழிவிட, அவருடைய இதயம் முகப்பேர் கொண்டு செல்லப்பட்டு ஒரு சிறுமியின் நெஞ்சில் துடித்தது. அதனால் ஹிதேந்திரன் உயிரோடிருந்தார் என்று எவரேனும் கூறுவரா? கூறார். ஆகவே துடிப்பு வேறு, ஆள் வேறு என்பது தெளிவு.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. மூளைச்சாவு அடைந்த கர்ப்பிணிகளின் உடலில், கருவியின் உதவியால் வாரக்கணக்கில் குழந்தை வளர்ந்து பிறந்திருக்கிறது. ஒரு தனி இதயம் துடிப்பதும், ஒரு முழு உடல் சிசுவைச் சுமப்பதும் ஒன்றாகுமா என்று கேட்பவரை அறிவிலி என்று தள்ளிவிட முடியாது. தெளிவான ஹயாத்தைச் சந்தேகத்தால் நீக்கக்கூடாது என்ற ஃபிக்ஹு விதியின்மீது அவர் நிற்கிறார்.

நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மேலே சொன்ன வாலிபரின் தகப்பனார் இதய நோயாளி. செய்தி கேட்டு அன்றிரவே மௌத்தாகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில்தான் மகனின் இதயம் நிற்கிறது. மகன் முதல்நாளே மௌத்து என்றால், அவருக்கு ஒரு சகோதரர் இருக்கும் நிலையில், அவருடைய யதீம் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு கிடையாது. மறுநாள்தான் மௌத்து என்றால், மகனின் பங்கு அவர் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும். மனைவியின் இத்தா எந்த நேரத்திலிருந்து என்பதும் இதைப் பொறுத்ததே. சில மணி நேரம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும்!

இங்கேதான் மனம் சோதிக்கப்படுகிறது. பாகம் பிரிக்கையில் ஒரு நேரத்தையும், உறுப்பு கொடுக்கையில் வேறொரு நேரத்தையும் மௌத்தின் நேரமாகச் சொல்வது நேர்மையாகாது. மூளைச்சாவே மௌத்து என்று நம்பி இதயத்தைக் கொடுப்பவர், அதே நேரத்தை வாரிசுக் கணக்கிலும் ஏற்க வேண்டும். இதயம் நிற்பதே மௌத்து என்பவர் துடிக்கும் இதயத்தைக் கொடுக்க முடியாது. அவருக்கும் நன்மையின் வாசல் அடைபடவில்லை. தானத்தை அனுமதிக்கும் ஆலிம்களின் கருத்தை ஏற்பவராயின், இதயம் நின்று சுமார் 6 மணி நேரத்திற்குள் கருவிழியைத் தானமாகத் தரலாம். நமது இலாபம் பார்த்து மௌத்தின் நேரத்தைக் குறிப்பது, அல்லாஹ்வின் உரிமையில் கைவைப்பதாகும்.

ஆகவே அறிவுடையோர் செய்யத்தக்கது, துக்கம் வாசலில் நிற்கும்போது தடுமாறாமல், சுகமாக இருக்கும் காலத்திலேயே ஒரு நம்பகமான ஆலிமையும் ஒரு டாக்டரையும் கலந்து, தம் முடிவை வஸிய்யத்தாக எழுதி வைப்பதாகும். பேரப்பிள்ளைகள் பங்கிழக்கும் நிலை வரலாம் என்று அஞ்சும் பாட்டனார், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் அவர்களுக்கு வஸிய்யத் செய்யலாம். ஷரீஅத் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகும் வாலிபர்களோ, தலைக்கவசம் அணிந்து தம் தாயாரை இந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றுவார்களாக!

அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில் இதுதான். "அம்மா, உங்கள் கையில் படும் சூடு உண்மை. ஆனால் அந்த மூச்சு உங்கள் பிள்ளையுடையது அல்ல, கருவியுடையது. ரூஹு எந்த நொடியில் பிரிந்தது என்பதை அல்லாஹ் அறிவான். நமக்குத் தெரிவது, பிள்ளை இனித் திரும்பமாட்டார் என்பதே." இதைப் பொறுமையோடு, அருகில் உட்கார்ந்து சொல்ல ஒரு டாக்டரும் ஓர் இமாமும் சேர்ந்து முன்வர வேண்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஈமானோடு நல்ல முடிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.